ஒன்றுபோலத் தெரியும் பட்டாம்பூச்சிகளைப் படம் பார்த்துப் பிரித்தறிவது எப்படி?

ஆரஞ்சு இறக்கை, கறுப்பு ஓரம், முனையில் வெள்ளைப் பட்டை. இவ்வளவையும் பார்த்தவுடன் வெந்தய வரியன் என்று பெயர் எழுதிவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்வதுதான். அந்த விவரிப்பு பிளெயின் டைகர் எனப்படும் வெந்தய வரியனுக்குப் பொருந்தும். டனாய்ட் எக்ஃப்ளை என்ற வேறொரு பட்டாம்பூச்சியின் பெண்ணுக்கும் அப்படியே பொருந்தும். முன்னதை உண்ணும் பறவைக்குக் கசப்பும் நச்சும்தான் மிச்சம். பின்னதில் நஞ்சு இல்லை, ஆனால் நஞ்சுள்ளதைப் போல உடுத்திக்கொண்டு பிழைக்கிறது. பறவையையே ஏமாற்றும் அளவுக்கு அமைந்த ஒற்றுமை என்பதால் மேலோட்டமான பார்வை இங்கே உதவாது. எந்த இறக்கை, எந்தப் பக்கம், எந்த இடத்தில் எத்தனை புள்ளி என்று கேட்டுப் பழக வேண்டும்.

படி 1: அடையாளத்துக்கென்று படம் எடுங்கள்

அழகான படமும் அடையாளத்துக்கு உதவும் படமும் ஒன்றல்ல. முதல் படத்தைத் தூரத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். பூச்சி பறந்துபோனாலும் கையில் ஏதோ ஒன்று இருக்கும். பிறகு உங்கள் நிழல் அதன்மேல் விழாதபடி மெல்ல நெருங்குங்கள். நிழல் பட்டால் பெரும்பாலும் எழுந்துவிடும்.

கேமராவின் முகம் இறக்கைக்கு இணையாக இருக்கட்டும். சாய்வாக எடுத்தால் இறக்கையின் ஒரு பாதி மங்கும், பட்டைகளின் அகலமும் குறுகித் தெரியும். மேக்ரோ லென்ஸ் இருந்தால் அபர்ச்சர் எஃப்/8, ஷட்டர் 1/500 நொடி என்று தொடங்கலாம். மொபைலில் எடுப்பவர்கள் டிஜிட்டல் ஜூமைத் தவிர்த்து, முழு அளவில் எடுத்துப் பிறகு வெட்டிக்கொள்வது நல்லது.

இறக்கையை மூடியபோது ஒன்று, விரித்தபோது ஒன்று என இரண்டு பக்கமும் தேவை. நாள், நேரம், இடம், உட்கார்ந்திருந்த செடி ஆகியவற்றை அங்கேயே குறித்துவையுங்கள். முட்டையிடும் படம் கிடைத்தால் அந்தச் செடியின் இலையையும் தனியாக எடுங்கள். அது ஏன் என்பது கீழே வரும்.

படி 2: படத்தில் தெரிவது எந்தப் பக்கம்?

மூடிய இறக்கையில் தெரிவது அடிப்புறம், விரித்ததில் தெரிவது மேற்புறம். எளிய விஷயம்தான், ஆனால் பெருவாரியான பிழைகள் இங்கேதான் பிறக்கின்றன. நூலில் உள்ள மேற்புறப் படத்தோடு கையிலுள்ள அடிப்புறப் படத்தை ஒப்பிட்டு, ஒத்துவரவில்லை என்று அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். தென்னமெரிக்காவின் மார்ஃபோ பட்டாம்பூச்சிகளில் பல, மேலே மின்னும் நீலமாகவும் அடியில் கண்புள்ளிகள் கொண்ட பழுப்பாகவும் இருக்கும். இரண்டு படங்களையும் தனித்தனியே பார்ப்பவர் ஒரே பூச்சி என்று நம்பமாட்டார்.

அந்த நீலம் சாயமே இல்லை. இறக்கைச் செதில்களின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்பும் விதத்தால் தோன்றுவது. கோணம் மாறினால் நிறமும் மாறும். ஆகவே நிறத்தைக் கடைசிச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: இறக்கைக்கு முன் உடலைப் பாருங்கள்

கால்களை எண்ணுங்கள். நான்கு கால்களில் மட்டும் நிற்பதாகத் தெரிந்தால் பெரும்பாலும் வரியன்கள் அடங்கிய நிம்ஃபாலிடே குடும்பம். முன்னங்கால்கள் சுருங்கி மார்போடு ஒடுங்கியிருக்கும். ஆறு கால்களும் நன்றாகத் தெரிந்தால் அழகிகள் எனப்படும் ஸ்வாலோடெயில்களும் மஞ்சள், வெள்ளைப் பூச்சிகளும் அடங்கிய குடும்பங்களில் தேடலாம்.

உடலின் நிறம் பெரிய துப்பு. கறிவேப்பிலை அழகி எனப்படும் காமன் மார்மனின் பெண் மூன்று வடிவங்களில் வரும். ஒன்று ஆணைப் போலவே கறுப்பில் வெள்ளைப் புள்ளி வரிசையோடு இருக்கும். இன்னொன்று காமன் ரோஸ் என்ற வேறொரு பட்டாம்பூச்சியைப் பார்த்து வரைந்ததுபோல இருக்கும். மூன்றாவது, கிரிம்சன் ரோஸ் என்ற இன்னொரு பட்டாம்பூச்சியின் நகல். இவை வெவ்வேறு இனங்கள் அல்ல, ஒரே இனத்தின் பெண்கள். டபுள்செக்ஸ் என்ற ஒரே மரபணு இந்த வேறுபாட்டைக் கட்டுப்படுத்துவதாக 2014இல் வெளியான ஆய்வு காட்டியது.

இறக்கை ஏமாற்றினாலும் உடல் ஏமாற்றாது. ரோஸ் இனங்களில் தலையும் வயிற்றுப் பகுதியும் சிவந்திருக்கும். மார்மனின் உடல் கறுப்பு. இதில் ஒரு வழுக்கல் உண்டு. காமன் ரோஸின் முதுகும் கறுப்புதான். சிவப்பு அதன் தலையிலும் பக்கவாட்டிலும் அடியிலும் இருக்கும். நேர் மேலிருந்து எடுத்த படத்தில் முதுகை மட்டும் பார்த்தால் மார்மன் என்று முடிவுகட்டத் தோன்றும். தலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். பக்கவாட்டுப் படம் இருந்தால் சந்தேகமே வராது.

செடி உதவுவதும் இங்கேதான். மார்மன் கறிவேப்பிலை, எலுமிச்சை வகைகளில் முட்டையிடும். ரோஸ் இனங்கள் ஆடுதின்னாப்பாளையையும் அதன் உறவுச் செடிகளையும் தேடிப்போகும். ஆனால் தேன் குடிக்கும் பூவை வைத்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். தேனுக்கு எல்லாம் எல்லாப் பூவுக்கும் வரும்.

படி 4: புள்ளிகளை இடம் பார்த்து எண்ணுங்கள்

முதலில் ஓர் இடத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். இறக்கை உடலோடு சேரும் இடத்திலிருந்து ஏறக்குறைய நடுப்பகுதி வரை, நரம்புகள் சூழ்ந்த நீள்வட்டப் பரப்பு ஒன்று உண்டு. அதைச் செல் என்பார்கள். பல இனங்களைப் பிரிக்கும் அடையாளம் அதற்குள்ளேயோ அதன் விளிம்பிலோதான் இருக்கும்.

வெந்தய வரியனின் பின்னிறக்கையில், செல்லின் விளிம்பையொட்டி மூன்று கறுப்புப் புள்ளிகள் இருக்கும். ஆணுக்கு நான்காவதாக ஒன்று உண்டு. அது மணம் பரப்பும் செதில்கள் உள்ள இடம். டனாய்ட் எக்ஃப்ளை பெண்ணின் பின்னிறக்கை மேற்புறத்தில் முன்விளிம்பருகே ஒரே ஒரு புள்ளிதான். இறக்கை முனையின் கறுப்பு வெள்ளையை நம்பவே வேண்டாம். இரண்டு இனத்திலும் அந்த முனை நிறம் இல்லாத வடிவங்கள் இருக்கின்றன. அசல் மாறியபோது நகலும் கூடவே மாறியிருக்கிறது. பின்னிறக்கைக் கணக்கு மட்டும் அப்போதும் செல்லும்.

மஞ்சள் புல்வெளிப் பூச்சிகளில் கூடுதல் பொறுமை வேண்டும். இவை எப்போதும் இறக்கையை மூடியே உட்காரும் என்பதால் அடிப்புறம் மட்டுமே கிடைக்கும். முன்னிறக்கை அடிப்புறத்தில் செல்லுக்குள் இரண்டு புள்ளி இருந்தால் காமன் கிராஸ் யெல்லோ, மூன்று இருந்தால் த்ரீ ஸ்பாட் கிராஸ் யெல்லோ. செல்லின் முடிவில் வளையம்போல் இருக்கும் குறியை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. மேலும், ஓய்வில் இருக்கும்போது பின்னிறக்கை முன்னிறக்கையின் ஒரு பகுதியை மூடிக்கொள்ளும். மூன்றில் ஒன்று மறைந்துபோய் இரண்டாகத் தெரிவது சாதாரணம். செல் முழுதும் தெரியாத படத்தில் எண்ணிக்கைக்கு மதிப்பில்லை.

புல்தரையில் தாழப் பறக்கும் குட்டி நீலங்களுக்கும் இதே முறைதான். முன்னிறக்கை அடிப்புறச் செல்லுக்குள் புள்ளி இருந்தால் டார்க் கிராஸ் புளூ அல்லது பேல் கிராஸ் புளூ. இல்லாவிட்டால் லெஸ்ஸர் கிராஸ் புளூ பக்கம் போகலாம்.

நீல வரியனையும் கருநீல வரியனையும் பிரிக்க எண்ணிக்கை போதாது. ஒரே இடத்தில் உள்ள வெளிர்நீலக் கீற்றின் அகலத்தை ஒப்பிட வேண்டும்: முன்னதில் அகலம், பின்னதில் ஒடுக்கம், சுற்றியுள்ள நிறமும் இன்னும் கறுப்பு. சாய்வான படம் இங்கே சரியாகக் கவிழ்த்துவிடும்.

படி 5: பருவமும் தேய்மானமும்

வெப்பமண்டலத்தின் பழுப்பு நிறப் பூச்சிகளில் பல மழைக்காலத்தில் ஒரு தோற்றமும் வறண்ட காலத்தில் வேறு தோற்றமும் கொள்ளும். புழுப் பருவத்தின் வெப்பநிலை போன்ற சூழல்தான் இதைத் தீர்மானிக்கிறது. காமன் ஈவினிங் பிரவுன் மழைக்காலத்தில் தெளிவான கண்புள்ளிகளோடு இருக்கும். வறட்சியில் காய்ந்த சருகேதான். ஃபோர் ரிங், ஃபைவ் ரிங் என்று கண்புள்ளி எண்ணிக்கையையே பெயராகக் கொண்ட இனங்களில்கூட, வறண்ட காலத்தில் அவை வெறும் பொட்டுகளாகச் சுருங்கிவிடும். நாளைக் குறிக்காத படம் இந்த இடத்தில் முடங்கிப்போகும்.

வயதான பூச்சியின் செதில்கள் உதிர்ந்து, கறுப்பு பழுப்பாகவும் குறிகள் இல்லாததாகவும் தெரியும். ஓரம் கிழிந்திருந்தால் பின்னிறக்கையில் வால் இல்லை என்று எழுதாதீர்கள்.

படி 6: செயலியின் பெயரைச் சரிபார்ப்பது

படத்தைப் பார்த்து இனப்பெயர் பரிந்துரைக்கும் ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகள் நல்ல தொடக்கம் தருகின்றன. ஆனால் முதலில் வரும் பெயரைத் தட்டிவிடாமல், பட்டியலின் மற்ற பெயர்களையும் திறந்து, மேலே சொன்ன புள்ளிகளை நீங்களே எண்ணிப் பாருங்கள். போலி செய்யும் இனங்கள் ஒட்டுமொத்தத் தோற்றத்தை வைத்துப் பார்க்கும் எவரையும் எதையும் குழப்பும்.

சில படங்களுக்கு இனப்பெயர் கிடைக்காது, அதில் குறையொன்றும் இல்லை. காமன் குரோ ஆணின் முன்னிறக்கை மேற்புறத்தில் மணச்செதில் கோடு ஒன்று. டபுள் பிராண்டட் குரோ ஆணுக்கு இரண்டு. மூடிய இறக்கையோடு உட்கார்ந்திருந்தால் அந்தக் கோடு தெரியாது. பெண்ணுக்கோ கோடே கிடையாது. கோட்டைத் தவிர வேறு துப்பு பழகாத நிலையில் யூப்ளோயா என்று பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த நாள் அதே செடியில் மேற்புறம் தெரியும் படம் கிடைத்தால், பழைய படத்தின் பெயரை மாற்றாமல் புதிய படத்தைத் தனியாகவே பதியுங்கள். ஒரே செடிக்கு இரண்டு இனமும் வரும்.