ஊருணிக்கரையைச் சீரமைக்க: முதலில் வரத்துக்கால், பிறகு நடைபாதை

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் பக்கம் நீர்க்கரை என்றாலே ஊருணிக்கரைதான். தெருச் சரிவும் வடிகாலும் மழைநீரை ஊருணியில் சேர்க்கும்படி அமைந்த ஊர்கள் இவை. வரத்துக்கால் (மழைநீரை ஊருணிக்குக் கொண்டுவரும் கால்வாய்) அடைபட்டுக் கிடக்கும்போது கரையில் விளக்கும் பெஞ்சும் போடுவது வீண்செலவு. தண்ணீர் நின்றால் ஜனங்கள் தானாக வருவார்கள்.

வேலையைச் சித்திரையில் தொடங்குங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படமும் 'அ' பதிவேடும் பார்த்து, ஊருணியும் கால்வாயும் யார் பெயரில் இருக்கின்றன என்று உறுதிசெய்யுங்கள். பிறகு வரத்துக்காலைக் கடைசிவரை நடந்து பாருங்கள். மழை பெய்யாத நாளில் அதில் ஓடுவதெல்லாம் கழிவுநீர்தான். எந்த வீட்டிலிருந்து, எந்தக் கடையிலிருந்து வருகிறது என்று குறித்து, அதைத் தனி வடிகாலுக்குத் திருப்பிய பிறகே ஊருணி வாயைத் திறக்க வேண்டும். இதை விட்டால் ஒரே வருஷத்தில் ஆகாயத்தாமரை மூடிவிடும்.

வரத்து எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். 5 ஹெக்டேர் பரப்பில் 40 மி.மீ. மழை பெய்து, பாதி ஓடி வந்தாலும் 10 லட்சம் லிட்டர். கால்வாய் அகலமும் கலிங்கும் (நிரம்பிய நீர் வழிந்து வெளியேறும் இடம்) இதைத் தாங்க வேண்டும். கலிங்கின் மட்டம் கரையின் தலைக்கு 60 செ.மீ.யாவது கீழே இருக்கட்டும்.

கால்வாய் ஊருணிக்குள் நுழையும் இடத்தில் 5 செ.மீ. இடைவெளியுள்ள கம்பித் தடுப்பு, அதையடுத்து வண்டல் தொட்டி: 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், தரை கால்வாய் மட்டத்துக்கு 60 செ.மீ. கீழே. முதல் மழை தெருக்குப்பையையெல்லாம் அடித்து வரும். அந்த நீரை ஊருணிக்குள் விடாமல் வெளியே திருப்ப ஒரு பலகைக் கதவும் வேண்டும்.

அதிகம் கெடுவது தூர்வாரும்போதுதான். பொக்லைன் ஓட்டுபவர் ஆழமாகத் தோண்டினால் நல்லது என்று நினைப்பார். அடியில் இருக்கும் களிமண் படுகை உடைந்தால் மாசிக்குள் தண்ணீர் இறங்கிவிடும். முன்னதாக நாலைந்து இடத்தில் கையால் குழி வெட்டிப் பாருங்கள். ஈரமண்ணை உருட்டினால் ஒடியாமல் கயிறாகத் திரிகிறதா? அதுதான் களிமண், அங்கேயே நிறுத்துங்கள். உடைந்த இடத்தில் களிமண்ணை 15 செ.மீ. அடுக்குகளாக நனைத்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்கலாம். அடியில் கான்கிரீட் மட்டும் வேண்டாம், சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஊறுவது நின்றுபோகும்.

செம்புராங்கல் படித்துறையைச் சுண்ணாம்புச் சாந்தில் பழுது பாருங்கள். இடுக்குகளைச் சிமெண்டால் அடைத்தால், கோடையில் நீர் இறங்கும்போது சுவருக்குப் பின்னால் தங்கிய ஈரம் கல்லைத் தள்ளிவிடும். 1.5 மீட்டருக்கு ஒரு வடிகுழாயும் அதன் பின்னே சரளையும் வையுங்கள். படி 15 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலம். ஒரு பக்கம் சக்கர நாற்காலிக்கு 12-க்கு 1 சரிவு.

நடைபாதை 2 மீட்டர் போதும், நீர் இறங்கும் கல்லாக இருக்கட்டும். ஆத்தங்குடிக் கல் வீட்டுக்குள் அழகுதான், ஆனால் கரையில் நனைந்தால் வழுக்கும். மருதமும் புங்கமும் கரைக்கு வெளியே நடுங்கள், கரைமேல் வேர்விட்டால் கசிவு தொடங்கும். உட்சரிவுக்கு வெட்டிவேர் போதும்.

ஆண்டுதோறும் புரட்டாசியில் வண்டல் தொட்டியை அள்ள ஆளையும் கூலியையும் இப்போதே முடிவுசெய்யுங்கள்.