நட்டைக் குறைத்தால் போதுமா? ஏர்பேக் மாட்யூலை எளிமையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் பாடம் எடுக்கிறேன். அதற்கு முன் ஆறு வருடம் சென்னைக்கு வெளியே ஏர்பேக் மாட்யூல் பூட்டும் லைனில் இருந்தேன். மன்னார்குடி, திருவாரூர், பாபநாசம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து வரும் பிள்ளைகளில் பலர் படிப்பு முடிந்ததும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இப்படிப்பட்ட லைனுக்குத்தான் போகிறார்கள். ‘ஏர்பேக் மாட்யூலை எளிமையாக்குதல்’ என்று வருஷா வருஷம் யாராவது புராஜெக்ட் எடுப்பார்கள். திரும்பத் திரும்ப அதே தவறுகள்தான் வருகின்றன.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். ஸ்டீயரிங் நடுவில் இருக்கும் மாட்யூலைக் கழற்றினால் மேலே பிளாஸ்டிக் மூடி, அதற்குள் மடித்த நைலான் பை, பையின் வாயை உள்ளிருந்து பிடிக்கும் இரும்பு வளையம், தகட்டு ஹவுசிங், அடியில் வாயுவைக் கக்கும் இன்ஃப்ளேட்டர். வளையத்தில் இருக்கும் நாலு ஸ்டட் (மரை போட்ட கம்பி), பைத் துணியின் துளை, ஹவுசிங், இன்ஃப்ளேட்டர் விளிம்பு எல்லாவற்றையும் தாண்டி வெளியே வரும். பின்னால் நாலு நட். கார் மோதி, இன்ஃப்ளேட்டருக்கு மின்சாரம் வந்ததிலிருந்து சுமார் 30 மில்லி விநாடியில் 60 லிட்டர் அளவுள்ள பை விரிந்து நிற்க வேண்டும். 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் புதுக் கார்களுக்கு ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம். ஆகவே இது இப்போது எல்லார் வீட்டுக் கார் விஷயமும்தான்.

“பாதிப் பாகத்தைக் குறைச்சிட்டோம் சார்” என்று சந்தோஷமாக வருவார்கள். எண்ணிக்கையைக் குறைப்பதையே குறிக்கோளாக வைப்பதுதான் முதல் தவறு. சுலபமாகப் பூட்டும்படி பொருளை வடிவமைக்கும் முறையை வகுத்த பூத்ராய்டும் டியூஹர்ஸ்ட்டும் சொல்லிக்கொடுத்த மூன்று கேள்விகளை ஒவ்வொரு பாகத்திடமும் கேட்க வேண்டும். பக்கத்துப் பாகத்திலிருந்து இது தனியாக அசைய வேண்டுமா? வேறு பொருளில்தான் செய்தாக வேண்டுமா? தனியாக இல்லாவிட்டால் மற்றதைப் பூட்டவோ கழற்றவோ முடியாதா? மூன்றுக்கும் இல்லை என்றால் சேர்த்துவிடலாம். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் கை வைக்கக் கூடாது. போன வருடம் ஒரு குழு மூடியையும் ஹவுசிங்கையும் ஒரே பிளாஸ்டிக் வார்ப்பாக வரைந்து வந்தது. மூடி மைனஸ் 35 டிகிரி குளிரிலும் 85 டிகிரி சூட்டிலும் குறித்த கோட்டில் மட்டும் கிழிய வேண்டும், துண்டு தெறிக்கக் கூடாது. ஹவுசிங்கோ பை உந்தும்போது விரியாமல் கெட்டியாக நிற்க வேண்டும். இரண்டு வேலைக்கும் ஒரே பொருள் எப்படிப் பொருந்தும்? நம் ஊர் வீணையில் ஏகாந்த வீணை ஒரே பலா மரத்தில் குடைந்தது, சாதா வீணை குடம், தண்டி, யாளி முகம் என்று தனித்தனியாகச் செய்து சேர்த்தது. ஒரே கட்டையில் குடைவதுதான் அதிக நேரமும் அதிகக் கைவேலையும் கேட்கிறது. ஒன்றாக இருப்பது எப்போதும் சுலபம் இல்லை. மூடியை ஹவுசிங்கோடு பிடிக்கும் ரிவெட்டுகளை எடுத்துவிட்டு, மூடியிலேயே கொக்கிகள் வார்த்து ஹவுசிங் ஜன்னல்களில் மாட்டுவது நல்ல குறைப்பு. அங்கே மூன்று கேள்விக்கும் ‘இல்லை’ என்பதுதான் பதில்.

அடுத்த தவறைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் சமச்சீராக வரைவது. சதுரமாக நாலு துளை, எந்தப் பக்கம் வைத்தாலும் உட்காரும், பூட்டுகிறவருக்கு வசதி என்று நினைப்போம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு நைட் ஷிஃப்ட்டில் ஒரத்தநாட்டுப் பெண் ஒருத்தி வளையம் வைக்கும் இடத்தில் நின்றாள். வேலையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிட்டாள். “அண்ணா, இதத் திருப்பிப் போட்டாலும் உக்காருது, பாருங்க.” பையை வளையத்தோடு அரைச்சுற்றுத் திருப்பி, நாலு ஸ்டட்டையும் துளைகளில் இறக்கிக் காட்டினாள். டக்கென்று உட்கார்ந்தது. நட் முறுக்கும் மிஷினும் டார்க் (முறுக்கு விசை) சரி, கோணம் சரி என்று பச்சை விளக்கு காட்டியது. பையின் பின்பக்கம், மேல் பாதியில் இரண்டு காற்றுத் துளைகள் உண்டு. பை நிரம்பியதும் சூடான வாயு அந்த வழியாகத்தான் வெளியேறும். திருப்பிப் பூட்டினால் அதே வாயு கீழே ஓட்டுபவரின் கை, தொடைப் பக்கம் பாயும். மூடி போட்டபின் வெளியிலிருந்து பார்த்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அன்றே லைனை நிறுத்தினோம். அப்புறம் ஒரு துளையைச் சில மில்லிமீட்டர் தள்ளி வைத்தோம், வளையத்தில் அதற்கேற்ற ஸ்டட்டையும் நகர்த்தினோம். ஒரு பாகம்கூடக் கூடவில்லை. ஆனால் தப்பாகப் பூட்டவே வழியில்லாமல் போனது. என்னைக் கேட்டால், அதைவிடப் பெரிய எளிமையாக்கல் ஏர்பேக்கில் கிடையாது. இரண்டு கட்டமாக வெடிக்கும் இன்ஃப்ளேட்டர் என்றால் இரண்டு கனெக்டர் வரும். ஒன்றின் இடத்தில் மற்றது நுழையாதபடி அவற்றின் சாவி வடிவத்தையும் இதே மாதிரி வேறுபடுத்த வேண்டும், நிறம் மட்டும் போதாது.

பையை மடிப்பதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது மூன்றாவது. கொசுவம் வைப்பது போல மடித்த பை ஒரு விதமாக விரியும், பாய் போலச் சுருட்டியது வேறு விதமாக விரியும். முகத்தை நோக்கி முதலில் எது வருகிறது என்பதை மடிப்புதான் தீர்மானிக்கிறது. வீட்டில் கொசுவம் ஒரு பக்கம் இறங்கினால் மறுபடி சொருகிக்கொள்ளலாம், இங்கே அது முடியாது. ஹவுசிங் ஆழத்தை முதலில் வரைந்துவிட்டு அதற்குள் பையைத் திணிக்கப் பார்த்தால் மடிப்பு நசுங்கும், மூடி உப்பும். மடிப்பை முடிவு செய்து, அதன் உயரத்தை அளந்து, பிறகுதான் ஹவுசிங்கை வரைய வேண்டும்.

ஈரத்தைப் பற்றி டெல்டாக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கொள்முதல் நிலையத்தில் நெல்லுக்கு 17 சதவீதம் என்று மெஷின் வைத்துப் பார்ப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். ஆனால் அதே பிள்ளைகள், செலவு குறையும் என்று இன்ஃப்ளேட்டரின் சீலையும் வெல்டிங்கையும் மாற்றச் சொல்லி எழுதுகிறார்கள். ஜப்பானின் தக்காட்டா ஏர்பேக் நிறுவனம் இன்ஃப்ளேட்டரில் அம்மோனியம் நைட்ரேட்டை எரிபொருளாக வைத்தது. உலர்த்தும் பொருள் இல்லாத இன்ஃப்ளேட்டர்களில் வருஷக்கணக்கில் ஈரமும் சூடும் மாறி மாறிப் பட்டு அது சிதைந்தது. தேவைக்கு மேல் வேகமாக எரிந்ததில் இரும்பு ஓடே உடைந்து, துண்டுகள் காருக்குள் தெறித்து உயிர்கள் போயின. அமெரிக்காவில் மட்டும் சுமார் 6 கோடியே 70 லட்சம் இன்ஃப்ளேட்டர்களைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது. 2017 ஜூனில் நிறுவனம் திவாலானது. வெயிலும் புழுக்கமும் சேர்ந்த பகுதிகளில்தான் ஆபத்து அதிகம். நம் ஊரும் அந்த ரகம்தான். இன்ஃப்ளேட்டரைச் சப்ளையரிடமிருந்து வந்தபடியே ஒரே பாகமாக எடுத்துக்கொள்ளுங்கள், அதன் இரும்பு ஓட்டில் எந்த எளிமையாக்கலும் வேண்டாம்.

கனெக்டர் உள்ளே ஒரு சின்ன ஷார்ட்டிங் கிளிப் இருக்கும். பிடுங்கியதும் இரண்டு பின்னையும் அது இணைத்துவிடும், தவறி வரும் மின்சாரம் இன்ஃப்ளேட்டரைப் பற்றவைக்கும் வெடிப்பானைத் தொடாது. 1.2 ஆம்பியர் வெறும் 2 மில்லி விநாடி பாய்ந்தாலே வெடிக்கும்படிதான் வெடிப்பான்களைச் செய்கிறார்கள். தேவையில்லாத தகடு என்று அந்தக் கிளிப்பை வரைபடத்திலிருந்து அடித்துவிடாதீர்கள்.

நட்டுக்குப் பதில் கம்பி ஸ்பிரிங் வைத்து ஸ்டீயரிங்கில் அழுத்தி மாட்டும் முறை நல்லதுதான், லைனில் நேரம் நிறைய மிச்சமாகும். ஆனால் கழற்றுகிறவரையும் நினைக்க வேண்டும். கும்பகோணத்தில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில், ஸ்பிரிங்கைத் தள்ளும் துளை எங்கே என்று தெரியாமல் மூடியின் ஓரத்தில் ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பியதை நானே பார்த்தேன். துளை ஸ்டீயரிங்கின் பின்பக்கம் டார்ச் அடித்தால் தெரியும் இடத்தில், பக்கத்தில் ஒரு அம்புக்குறியோடு இருக்கட்டும். கழற்றிய மாட்யூல் மூடி மேலே பார்த்தபடி தானாக நிற்கும் வகையில் ஹவுசிங்கின் அடிப்பக்கம் தட்டையாக இருக்கட்டும். கவிழ்த்து வைத்து, தப்பித் தவறி வெடித்தால், பை மேஜையை உந்தும், மாட்யூலே மேலே பறக்கும்.