ஸ்லெட்டை மாற்றுவதா, இன்னும் ஒரு குளிர்காலம் ஓட்டுவதா?

பிப்ரவரி பாதி தாண்டினால் போதும், எங்கள் சுரங்கத்துச் சாப்பாட்டு அறையில் ஹாக்கிப் பேச்சு போய் ஸ்லெட் பேச்சு, அதாவது பனியில் ஓடும் மோட்டார் வண்டிப் பேச்சு, வந்துவிடும். யாராவது ஒருவர் கடையிலிருந்து அடுத்த வருட மாடல் புத்தகத்தைத் தூக்கி வந்து மேசையில் போடுவார். ஷிஃப்ட் முடிவதற்குள் அதன் அட்டையில் பத்துப் பேருடைய கிரீஸ் விரல் பதிந்திருக்கும். மார்ச்சில் இரண்டு பேர் முன்பணம் கட்டியிருப்பார்கள். அடுத்த மார்ச்சில் அந்த இருவரில் ஒருவர் தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்.

நான் இருப்பது கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து டிம்மின்ஸில். டொரண்டோவிலிருந்து வடக்கே ஏறக்குறைய 700 கிலோமீட்டர், தங்கச் சுரங்க ஊர். பிறந்ததும் தங்கச் சுரங்க ஊர்தான், கோலார் தங்கவயல். அங்கே 2001இல் சுரங்கத்தை மூடினார்கள்; ஃபிட்டர் வேலை கைவசம் இருந்ததால் சுற்றிச் சுற்றி இங்கே வந்து சேர்ந்தேன். பனியை முதன்முதலில் முப்பத்து மூன்று வயதில் பார்த்தவன் பனி வண்டியைப் பற்றி எழுதலாமா என்றால், பனியைப் பற்றி எழுத மாட்டேன். மெஷினைப் பற்றி எழுதலாம்.

ஸ்னோமொபைல் என்ற முழுப் பெயரை இங்கே போலீசும் இன்சூரன்ஸ்காரர்களும்தான் சொல்வார்கள். மற்றவர்களுக்கு அது ஸ்லெட். பக்கத்து வீட்டுப் பிரெஞ்சுக்காரத் தாத்தாவுக்கு எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஸ்கிடூதான். கியூபெக்கின் வால்கூர் என்ற சின்ன ஊரில் பொம்பார்டியே கம்பெனி 1959இல் விற்கத் தொடங்கிய வண்டியின் பெயர் அது, ஊருக்கே பொதுப்பெயராகிவிட்டது.

சரி, விஷயத்துக்கு வருவோம். புது வண்டி பழையதைவிட நல்லதா என்று கேட்டால் நல்லதுதான், அதில் சந்தேகமே வேண்டாம். அதனால்தான் அந்தக் கேள்வி உதவாது. இப்போது இருக்கிற வண்டியால் உங்களால் எதைச் செய்ய முடியவில்லை என்று பாருங்கள். அதற்குப் பதில் மூளையில் இருக்காது, மூளை பிப்ரவரியில் பொய் சொல்லும். நோட்டில் இருக்க வேண்டும்.

என் சீட்டுக்கு அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு கிடக்கும். ஒவ்வொரு முறை போய் வந்ததும் நான்கு விஷயம் எழுதுவேன்: எத்தனை கிலோமீட்டர், பின்னால் யாராவது உட்கார்ந்தார்களா, என்ன உடைந்தது, எங்கே வலித்தது. கடைசி மூன்று குளிர்காலத்தையும் கூட்டினேன். 2022-23இல் 2,300. அடுத்த வருடம் வெறும் 700. அதுதான் கனடாவின் வரலாற்றிலேயே மிக வெதுவெதுப்பான குளிர்காலம், தெற்கு ஒன்டாரியோவில் பல டிரெயில்கள் (ஸ்லெட் ஓட்டுவதற்கென்று உள்ள பனிப்பாதைகள்) திறக்கவே இல்லை. அதற்கு அடுத்ததில் 1,900. சராசரி 1,630 சொச்சம். வருடத்துக்கு மூவாயிரம் ஓட்டுகிறேன் என்று நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்!

வலித்த இடங்களையும் தனியாகக் கூட்டினேன். முட்டி வலி பதினோரு தடவை. மனைவி பாதி வழியில் இறங்கி நின்றது ஆறு தடவை. இருட்டில் பாதை சரியாகத் தெரியாதது ஐந்து (டிசம்பரில் சாயங்காலம் ஐந்து மணிக்கே இங்கே இருட்டிவிடும்). கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்ததில் தோள் பிடித்துக்கொண்டது மூன்று. போதவில்லை என்று எழுதியிருந்த ஒரே விஷயம் என்ன தெரியுமா? வேகம் என்று நினைப்பீர்கள். பெட்ரோல் டேங்க். வேகம் போதவில்லை என்று மூன்று வருடத்தில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் புத்தகத்தில் நான் பார்த்துக்கொண்டிருந்தது 850 சிசி வண்டியை.

இந்தப் பட்டியலை இரண்டாகப் பிரியுங்கள்: பழைய வண்டியிலேயே சரிசெய்யக்கூடியவை, எவ்வளவு செலவழித்தாலும் சரியாகாதவை. என் முட்டி வலிக்குக் காரணம் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் மாற்றி ஏழு வருடம் ஆனது. நான்கையும் பிரித்து சீல் மாற்ற 450 டாலர். முன்விளக்கையும் ஓரளவு தேற்றலாம். ஆனால் மனைவி இறங்கி நின்றதற்கு வைத்தியம் கிடையாது. என்னுடையது 2010ஆம் வருட 600 சிசி டூ ஸ்ட்ரோக், டிராக் (வண்டிக்கு அடியில் சுழன்று அதைத் தள்ளும் ரப்பர் பட்டை) நீளம் 121 அங்குலம், ஒருவர் மட்டும் ஓட்டச் செய்த வண்டி. அதன்மேல் கூடுதல் சீட் மாட்டி இரண்டு பேர் போனால் எடை பின்னால் சாய்ந்து, முன்னால் வண்டியைத் திருப்பும் சறுக்குப் பலகையான ஸ்கி லேசாகிவிடும், திருப்பத்தில் நேராகப் போகும். அது வண்டியின் உடல்வாகு. இந்த இரண்டாவது பட்டியல் காலியாக இருந்தால் வண்டியை மாற்றாதீர்கள். மெக்கானிக்கிடம் போங்கள்.

கணக்கு

பழைய வண்டியை வைத்திருந்தால் எனக்கு அந்த வருடம் ஷாக் 450, டிராக்குக்கு உள்ளே அது சறுக்கி ஓடும் ஸ்லைடரும் சின்னச் சக்கரங்களான போகி வீல்களின் பேரிங்கும் 220, ஸ்கிக்கு அடியில் கார்பைடு உலோகப் பட்டை 150, எஞ்சின் விசையைக் கடத்தும் பெல்ட் 250, மொத்தம் 1,070 டாலர். டிராக்கும் போயிருந்தால் இன்னொரு 900.

நான் பார்த்த புது வண்டி 18,500. அதற்கு 13 சதவீத வரி சேர்ந்தால் 20,905. நான்கு வருடம் கழித்து 11,000க்குப் போகும் என்று தாராளமாகவே வைத்துக்கொண்டேன். அப்படியும் வருடத்துக்கு இரண்டாயிரத்து நானூறு டாலருக்கு மேல் கரைகிறது. என் 1,630 கிலோமீட்டரால் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஒன்றரை டாலர். பெட்ரோல், இன்சூரன்ஸ், டிரெயில் பர்மிட் எல்லாம் தனி.

நான்கு வருடம் ஓடிய வண்டி 9,200. தனியாளிடம் வாங்கினால் வரி இல்லை என்று சிலர் நினைக்கிறார்கள். ஒன்டாரியோவில் பதிவை மாற்றும்போது அந்த 13 சதவீதத்தை அங்கேயே வாங்கிவிடுவார்கள். ஆக 10,396. நான்கு வருடம் கழித்து 6,000க்கு விற்றால் வருடத்துக்கு 1,100, கிலோமீட்டருக்கு 67 சென்ட். ஊரும் வரியும் வேறாக இருந்தால் உங்கள் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள், வகுத்தலை மட்டும் விட்டுவிடாதீர்கள். மொத்த விலையைப் பார்க்கும்போது வராத நிதானம் கிலோமீட்டர் விலையைப் பார்த்ததும் வரும்.

புதிதாக வாங்குவது முட்டாள்தனம் என்று சொல்ல வரவில்லை. வருடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் ஓட்டுகிறவர், ஆளில்லாத காட்டில் தனியாகப் போகிறவர், ஸ்பேனர் பிடிக்கத் தெரியாதவர், இவர்களுக்கு வாரன்டியோடு புதுசு வாங்குவதே நிம்மதி. வசந்தத்தில் முன்பதிவு செய்தால் வாரன்டியை நீட்டித் தருவதும் உண்டு. இன்னொரு வழியும் இருக்கிறது: பனி பொய்த்த வருடத்துக்குப் பிறகு கடைகளில் முந்தைய மாடல்கள் பெட்டி பிரிக்காமல் நிற்கும். 2024இல் அப்படித்தான் நின்றன. மாடல் வருடம் ஒன்று பழையது என்பதைத் தவிர அதில் எந்தக் குறையும் இல்லை.

டூ ஸ்ட்ரோக்கா ஃபோர் ஸ்ட்ரோக்கா என்ற சண்டை இங்கே இட்லி மாவு அரைப்பது கிரைண்டரிலா மிக்ஸியிலா என்பது போல, முடியாது. என் கருத்து: இரண்டு பேர், சீர்செய்த டிரெயில், நிதானமான ஓட்டம் என்றால் ஃபோர் ஸ்ட்ரோக். எஞ்சின் நீண்ட நாள் வரும், பெட்ரோலோடு சேர்த்து ஆயிலையும் எரிக்காது. எடைதான் எதிரி. ஏரியின்மேல் பனிக்கு அடியில் தண்ணீர் ஊறிய சேற்றுப்பனியில் ஒரு தடவை இறங்கிவிட்டால், தூக்குகிற ஒவ்வொரு கிலோவும் இடுப்புக்குத் தெரியும். ஆழப்பனியில் விளையாடுகிறவர்கள் டூ ஸ்ட்ரோக்கை விடாததற்கு அதுதான் காரணம். மின்சார ஸ்லெட்டும் வந்திருக்கிறது, சத்தமே இல்லை. ஆனால் ஒரு சார்ஜுக்கு 50 கிலோமீட்டர் என்றால் எங்கள் ஊரில் அடுத்த ஊர்கூட வராது.

யமஹா 2025 மாடலோடு வட அமெரிக்காவில் ஸ்லெட் விற்பதை நிறுத்திக்கொண்டது. இன்னொரு ஸ்லெட் கம்பெனியான ஆர்க்டிக் கேட் 2025இல் வேறு கைக்கு மாறியது. இவற்றின் பழைய வண்டிகள் மலிவாகக் கிடைத்தால் ஒதுக்க வேண்டியதில்லை; உங்கள் ஊர் மெக்கானிக் அதைத் தொடுவாரா, பாகம் எத்தனை நாளில் வரவழைப்பார் என்று வாங்குவதற்கு முன்பே அவரிடம் கேளுங்கள்.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது

போனில் ஒரே ஒரு வேண்டுகோள் வையுங்கள்: "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் முதல் வேலை, மேல்மூடியைத் திறந்து சைலன்சர் பக்கம் உள்ளங்கையை வைப்பது. நான் முதலில் பார்க்கப்போன வண்டி வெந்நீர்ப் பானை மாதிரி சுட்டது. "சும்மா நகர்த்தினேன்" என்றார் விற்றவர். குளிர்ந்த எஞ்சினில்தான் அதன் நோய் தெரியும். காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன்.

மீட்டரில் கிலோமீட்டரோடு எஞ்சின் ஓடிய மணி நேரமும் இருக்கும், இரண்டையும் வகுத்துப் பாருங்கள். 6,400 கிலோமீட்டர், 160 மணி நேரம் என்றால் சராசரி 40, டிரெயிலில் ஒழுங்காக ஓடிய வண்டி. அதே 6,400க்கு 320 மணி நேரம் காட்டினால், மீன்பிடிக் குடிசைக்கு முன்னால் உறுமிக்கொண்டே நின்றிருக்கிறது, இல்லையென்றால் எதையோ இழுத்திருக்கிறது. கிலோமீட்டரை மட்டும் சொல்லி விலை பேசுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி பிடிக்காது.

அப்புறம் பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் வைத்து டிராக்கைக் கையால் சுற்றுங்கள். காதைக் கிட்டே கொண்டுபோங்கள். போகி வீல் பேரிங் போயிருந்தால் அரிசியில் கல் அரைபடுகிற சத்தம் வரும். டிராக்கின் ரப்பர் பற்கள் வரிசையாக இருக்கின்றனவா, எங்காவது ரப்பர் பிய்ந்து உள்ளே இருக்கும் கம்பி தெரிகிறதா என்று ஒரு முழுச் சுற்று பாருங்கள். டிராக் சறுக்கி ஓடும் தண்டவாளத்தின் அடியில் பிளாஸ்டிக் ஸ்லைடர் இருக்கும். அதைக் குளிரவைப்பது பனித்தூள்தான். வெறும் ஐஸ்மேல் ஓட்டியிருந்தால் அது உருகித் தேய்ந்திருக்கும். கூலன்டும் பனியால்தான் குளிர்கிறது என்பதால் எஞ்சினும் சேர்ந்து சூடேறியிருக்கும். ஆக, ஸ்லைடரைப் பார்த்தால் ஓட்டியவரின் குணம் தெரியும்.

டூ ஸ்ட்ரோக்காக இருந்தால் சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் மீட்டர் கொண்டுபோங்கள், அறுபது டாலர் சாமான். இரண்டு சிலிண்டருக்கும் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் விலை பேசவே வேண்டாம். பெல்ட் மூடியைத் திறந்து முகருங்கள். கருகிய ரப்பர் நாற்றமும் கிளட்ச் தட்டில் விரல் தடுக்கும் பள்ளமும் இருந்தால் செலவு காத்திருக்கிறது. முன்பக்கம் ஸ்கியைப் பிடித்து ஆட்டுங்கள். சீட்டுக்கு அடியில் அலுமினியப் பலகையில் ரிவெட்டுகள் வரிசையாக ஒரே வயதில் இருக்கட்டும்; நடுவில் நான்கு மட்டும் பளபளத்தால் ஏதோ மரத்தில் மோதியிருக்கிறது.

வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு அதன்மேல் கடன் பாக்கி இருக்கிறதா என்றும் தேடிப் பாருங்கள். சில டாலர்தான் ஆகும். விற்றவர் கட்டாத கடனுக்கு உங்கள் வண்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

நான் வாங்கியது மூன்றாவதாகப் பார்த்தது. நான்கு வருட ஃபோர் ஸ்ட்ரோக், இரண்டு பேர் சீட், 137 அங்குல டிராக், செல்ஃப் ஸ்டார்ட், ரிவர்ஸ், சூடாகும் பின் கைப்பிடி. ஏப்ரல் இரண்டாம் வாரம், முற்றமெல்லாம் சேறு. யாருக்கும் ஸ்லெட் நினைப்பே இல்லாத நேரம். 9,900 கேட்டார், 9,200க்கு முடிந்தது. அதே வண்டிக்கு முதல் பனி விழுந்த நவம்பரில் ஒரு டாலர்கூடக் குறைத்திருக்க மாட்டார். டிரெயில் பர்மிட் மட்டும் நவம்பர் 1க்கு முன்பே எடுத்துவிடுங்கள், அதற்குப் பிறகு விலை ஏறும்.

வீடியோவில் வண்டியைக் காட்டியபோது அப்பா கேட்டது ஒன்றுதான்: "இதைத் தூக்கணும்னா எத்தனை பேர் வேணும்?" தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். மூன்று என்றேன். பெருமூச்சு விட்டார்.

பழைய 600ஐ உடனே விற்கவில்லை. ஏப்ரலில் வாங்குகிறவன் ஏப்ரலில் விற்கக்கூடாது. கொட்டகையில் பெட்ரோலுக்கு மருந்து ஊற்றி வைத்து, டிசம்பர் முதல் வாரம் பனி விழுந்த மறுநாள் விளம்பரம் போட்டேன். அன்று சாயங்காலமே எங்கள் சுரங்கத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் வந்தான். குளிர்ந்த எஞ்சினை அவனையே இழுக்கச் சொன்னேன், நாலாவது இழுப்பில் பிடித்தது. 3,000 டாலர், ஒரு மாற்று பெல்ட், அப்புறம் அந்த நாற்பது பக்க நோட்டு. நோட்டை அங்கேயே நின்று கடைசிப் பக்கம்வரை புரட்டிவிட்டு, "முட்டிவலி என்னண்ணே இத்தனை தடவை எழுதியிருக்கு" என்று கேட்டான். ஓசூர்ப் பையன். ஷாக்குக்கு 450 ஆகும் என்று சொல்லி, அதில் பாதியைக் குறைத்துக்கொண்டேன்.