ஸ்மோக்கர் வாங்குமுன்: தீயை யார் பார்த்துக்கொள்ளப் போகிறார்கள்?

மே மாதக் கடைசியில் மெமோரியல் டே நெருங்கும்போது அமெரிக்காவின் ஹார்டுவேர் கடை வாசல்களில் ஸ்மோக்கர்கள், அதாவது கறியைப் புகையில் மெதுவாக வேகவைக்கும் அடுப்புகள், வரிசை கட்டி நிற்கும். பார்த்ததும் ஆளை இழுப்பது பெரும்பாலும் ஒரே வகைதான். நீளமான கறுப்பு உருளை, ஒரு பக்கத்தில் தனியாக நெருப்புப் பெட்டி, மறுமுனையில் புகைக்குழாய். ஆஃப்செட் என்பார்கள். டெக்சஸ் பார்பிக்யூ படங்களில் பார்த்த அதே உருவம், விலையும் கைக்கு அடக்கம். உடனே வண்டியில் ஏற்றிவிடுகிறார்கள். ஆனால் முதல் ஸ்மோக்கர் வாங்குபவர்களுக்கு நான் கடைசியாகச் சிபாரிசு செய்யும் வகை அதுதான்.

ஸ்மோக்கர் செய்யும் வேலை எளியது. 225 முதல் 275 டிகிரி ஃபாரன்ஹீட் வரை, அதாவது செல்சியஸில் 107 முதல் 135 வரை, மணிக்கணக்கில் சூட்டை நிலையாக வைத்து, கூடவே கொஞ்சம் நல்ல புகையையும் கொடுக்க வேண்டும். எல்லா வகையும் இதைத்தான் செய்கிறது. அந்தச் சூட்டை யார் பார்த்துக்கொள்வது என்பதில்தான் வித்தியாசம். ஆஃப்செட்டில் நீங்கள்தான் பார்க்க வேண்டும். அரை மணிக்கோ முக்கால் மணிக்கோ ஒருமுறை விறகு போட்டு, காற்றுத் திறப்பைச் சரிசெய்து, காற்று திசை மாறினால் மறுபடி சரிசெய்ய வேண்டும். பிரிஸ்கெட் என்கிற மாட்டு நெஞ்சுக்கறியை முழுசாகப் போட்டால் 12 மணி நேரம் சாதாரணமாக ஆகும். அதை ரசித்துச் செய்பவர்கள் இருக்கிறார்கள். சனிக்கிழமை விருந்தாளிகளை அழைத்துவிட்டு, பிள்ளைகளை நீச்சல் வகுப்புக்கும் கூட்டிப்போக வேண்டிய ஆளுக்கு அது ஒத்துவராது.

விலை குறைந்த ஆஃப்செட்டில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. நல்ல ஆஃப்செட்டின் இரும்பு கால் அங்குலம், சுமார் 6 மில்லிமீட்டர் தடிமன் இருக்கும். ஹார்டுவேர் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் 2 மில்லிமீட்டர்கூட இருக்காது. கனமான தோசைக்கல்லுக்கும் மெல்லிய தகட்டுக்கும் உள்ள அதே வித்தியாசம்தான்: மெல்லியது சட்டென்று சூடேறும், சட்டென்று ஆறும். ஒரு காற்று வீசினால் வெப்பமானி முள் இறங்கிவிடும். மூடி சரியாகப் பொருந்தாமல் இடுக்குகளில் புகை கசியும். நெருப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கறி கருகும்போது மறுமுனையில் இருப்பது பாதிகூட வெந்திருக்காது. கடையிலேயே மூடியைத் தூக்கிப் பாருங்கள். லேசாக ஆடினாலோ, விரலால் அழுத்தும்போது தகடு வளைந்து கொடுத்தாலோ விட்டுவிடலாம். ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் கறி போடும் முன் கம்பி வலை முழுக்க பிரெட் துண்டுகளைப் பரப்பி அரை மணி நேரம் மூடி வையுங்கள். எது கறுத்திருக்கிறது, எது வெள்ளையாகவே இருக்கிறது என்று பார்த்தால் உங்கள் ஸ்மோக்கரின் சூட்டு வரைபடமே கிடைத்துவிடும்.

அடுத்த தவறு, மற்றவர் சமைப்பதை மனதில் வைத்து வாங்குவது. அமெரிக்கப் பரிந்துரைகள் எல்லாமே பிரிஸ்கெட்டையும் பன்றித் தோளையும் வைத்துத்தான் எழுதப்படுகின்றன. இங்கே நம் ஆட்கள் வீடுகள் பலவற்றில் கோழியும் ஆடும்தான் நடக்கும். அப்படியானால் கணக்கே மாறிவிடுகிறது. கோழிக்கு 12 மணி நேரமெல்லாம் வேண்டாம். ஆனால் தோல் மொறுமொறுப்பாக வர 325 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பெட்டி வடிவ எலெக்ட்ரிக் ஸ்மோக்கர்கள் பல 275-ஐத் தாண்டாது. அதில் வைத்த கோழியின் தோல் ரப்பர் மாதிரி இழுபடும். தோலை உரித்துவிட்டுத்தான் சமைப்போம் என்றால் அந்தக் குறை உங்களைத் தொடாது. ஆனால் தோலில்லாத நெஞ்சுக்கறி காய்ந்துபோகும், தொடைக்கறியாக வாங்குங்கள். எந்த ஸ்மோக்கராக இருந்தாலும் கோழியின் உள்சூடு 165 டிகிரியைத் தொட்டபின்தான் எடுக்க வேண்டும்.

ஆட்டில் தொடையைவிட முன்னந்தோள்தான் புகைக்கு ஏற்றது. அதிலுள்ள கொழுப்பும் சவ்வும் மெதுவாக உருகிக் கறியைப் பஞ்சாக்கும். தொடை கொழுப்பில்லாமல் இருப்பதால் நேரம் கூடினால் நார் நாராகிவிடும். ஹலால் கடையில் முழுசாக வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் ரம்பத்தில் போட்டுக் குழம்புத் துண்டாக்கிக் கொடுத்துவிடுவார்கள். முதல் இரண்டு மூன்று மணி நேரம் புகையில் விட்டு, அப்புறம் அலுமினியத் தாளில் சுற்றி மிருதுவாகும்வரை வைத்தால் போதும். இதற்குப் பெரிய இயந்திரம் எதுவும் தேவையில்லை.

எலெக்ட்ரிக் ஸ்மோக்கரில் கறிக்குள் அந்த இளஞ்சிவப்பு வளையம் வருவதில்லை என்று குறை சொல்வார்கள். விறகோ கரியோ எரியும்போது வரும் நைட்ரிக் ஆக்சைடு கறியின் நிறமியோடு சேர்ந்து உண்டாக்கும் நிறம் அது. அதற்குத் தனிச் சுவை கிடையாது. அதற்காக மட்டும் ஒரு வகையை ஒதுக்குவது வீண்.

பெல்லட் ஸ்மோக்கரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், இப்போது அதிகம் பேர் ஆசைப்படுவது அதற்குத்தான். அழுத்தி உருட்டிய மரத்தூள் குச்சிகளை ஒரு திருகு மெல்ல மெல்லத் தீக்கிண்ணத்துக்குள் தள்ளும். விசிறி காற்று கொடுக்கும், கட்டுப்பாட்டுக் கருவி சூட்டைப் பார்த்துக்கொள்ளும். 1980-களில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தின் டிரேகர் குடும்பம் கொண்டுவந்த யோசனை இது. வேலைக்குப் போகிறவர்களுக்கு உண்மையிலேயே வசதியானது. தவறு எங்கே என்றால், அடுப்பை நம்பி மின்சாரத்தையும் ஈரத்தையும் மறந்துவிடுவது. மின்சாரம் போனால் தீயும் போச்சு. ஹூஸ்டன் மாதிரி ஈரப்பதம் நிறைந்த ஊரில் சமையல் முடிந்தபின் பெல்லட்டைப் பெட்டியிலேயே விட்டு வைத்தால் அது ஊதிப் பொடிந்து, திருகுக்குள் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். அதைக் கழற்றிக் குடைந்து எடுப்பது ஒரு முழு மதிய வேலை. மீதியை மூடி போட்ட வாளியில் கொட்டி வையுங்கள். இன்னொன்று, பெல்லட் சுத்தமாக எரிவதால் புகை மணம் மென்மையாகத்தான் இருக்கும். அழுத்தமான புகை வேண்டும் என்று வாங்கினால் ஏமாற்றம்தான்.

கமாடோ எனப்படும் முட்டை வடிவப் பீங்கான் அடுப்புக்கு ரசிகர்கள் உண்டு, காரணமும் உண்டு. ஒருமுறை கரி நிரப்பினால் இரவு முழுக்கத் தாங்கும். ஆனால் சூடு ஒருதரம் 350-க்கு ஏறிவிட்டால் அந்தப் பீங்கான் சீக்கிரம் இறங்கிவராது. ஏற்றும்போதே மெல்ல ஏற்ற வேண்டும். மூடியை ஒரேயடியாகத் திறந்தால் காற்று புகுந்து தீ முகத்துக்கு எகிறும். முதலில் கொஞ்சம் தூக்கி, காற்றை விட்டு, அப்புறம் திறக்க வேண்டும். பெரிய அளவு ஒன்று 70 கிலோவுக்கு மேல். வாடகை வீட்டில் இருப்பவர்கள் யோசித்து வாங்கவும்.

என் ஓட்டு, நிமிர்ந்து நிற்கும் தண்ணீர்த் தட்டு ஸ்மோக்கருக்குத்தான். கீழே கரி, நடுவில் தண்ணீர்த் தட்டு, மேலே இரண்டு வலை. வெபர் நிறுவனத்தின் ஸ்மோக்கி மவுன்டன் இதில் பேர்பெற்றது. 14, 18, 22 அங்குல விட்டங்களில் வருகிறது. பற்றவைக்காத கரியை நிரப்பி மேலே மட்டும் கொஞ்சம் கங்கு போட்டுவிட்டால், தீ மெல்லக் கீழே பரவி எட்டு, பத்து மணி நேரம் ஓடும். இடையில் எட்டிப் பார்த்தால் போதும். நாலைந்து பேர் குடும்பத்துக்கு 18 அங்குலம் தாராளம். விளம்பரத்தில் போடும் சதுர அங்குலக் கணக்கை நம்பாதீர்கள், எல்லா வலைகளின் பரப்பையும் கூட்டித்தான் அந்த எண் வருகிறது. தேவைக்கு மேல் பெரிதாக வாங்கினால் ஒரே ஒரு கோழிக்கு மூட்டைக் கரி கரையும்.

வாங்கும் முன் எங்கே வைப்பது என்று பாருங்கள். அபார்ட்மென்ட் பால்கனியில் கரி அடுப்பைப் பல ஊர்களில் தீயணைப்பு விதியே அனுமதிக்காது. வாடகை ஒப்பந்தத்தையும் வீட்டுச் சங்க விதிகளையும் படித்துவிடுங்கள். தனி வீடு என்றாலும் சுவரிலிருந்து பத்தடி தள்ளி வைப்பது நல்லது, பிளாஸ்டிக் பலகை பதித்த சுவர் சூட்டில் உருகி வழியும். மழை வருகிறதென்று கராஜுக்குள் இழுத்து வைப்பது உயிருக்கே ஆபத்து. கதவு திறந்திருந்தாலும் கார்பன் மோனாக்சைடு சேர்ந்துவிடும்.

மூடியில் பதித்துத் தரும் வெப்பமானி கறி இருக்கும் உயரத்தின் சூட்டைச் சொல்லாது. கறியில் செருகவும் வலையில் மாட்டவும் இரண்டு கம்பிகள் கொண்ட டிஜிட்டல் வெப்பமானிக்குப் பட்ஜெட்டில் இடம் ஒதுக்குங்கள். ஸ்மோக்கரில் ஒரு படி இறங்கி வாங்கினாலும் பரவாயில்லை.

வீட்டில் ஏற்கனவே உருண்டையான கெட்டில் கிரில் இருக்கிறதா? அப்படியென்றால் இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். கரிக்கட்டிகளை இரண்டிரண்டாக இரண்டு அடுக்கில், உள்விளிம்பை ஒட்டி முக்கால் வட்டத்துக்கு அடுக்குங்கள். மேலே ஆங்காங்கே ஹிக்கரியோ ஓக்கோ சின்ன மரத்துண்டுகள். ஒரு முனையில் மட்டும் ஏழெட்டுக் கங்குகளைப் போட்டால் தீ ஒவ்வொரு கட்டியாக நகர்ந்து போகும். நடுவில் தண்ணீர்த் தட்டு, அதற்கு மேலே கறி. முதலில் வெள்ளையாகக் குபுகுபுவென்று வரும் புகை அடங்கி மெல்லிய நீலமாக மாறியபின் கறியை வையுங்கள், இல்லாவிட்டால் கசக்கும். காற்றுத் திறப்புகளைக் கால்வாசி திறந்து வைத்தால் ஆறு மணி நேரம் தாராளமாக ஓடும்.