பிரிட்டனில் பென்ஷன் வாங்கும் பெரியவர்களுக்கு: இலவச வரி உதவிக்குத் தயாராவது எப்படி?

குறைந்த வருமானத்தில் வாழும் பெரியவர்களுக்குப் பிரிட்டனில் தன்னார்வலர்கள் இலவசமாக வரி ஆலோசனை தருகிறார்கள். டாக்ஸ்எய்ட், டாக்ஸ் ஹெல்ப் ஃபார் ஓல்டர் பீப்பிள் என்ற அறக்கட்டளைப் பெயர்களைத் தேடினால் தொலைபேசி எண் கிடைக்கும். அழைக்கும் முன் கீழே உள்ளதைச் செய்து வைத்தால், பிழை எங்கே என்று முதல் பேச்சிலேயே தெரிய வாய்ப்பு அதிகம்.

ஒன்றை முதலில் புரிந்துகொள்ளுங்கள். அரசு பென்ஷனுக்கு (ஸ்டேட் பென்ஷன்) வரி உண்டு. ஆனால் அதைக் கையில் கொடுக்கும்போது வரி பிடிப்பதில்லை. அதற்குரிய வரியையும் சேர்த்து உங்கள் வேலை பென்ஷனிலோ தனியார் பென்ஷனிலோ பிடிக்கிறார்கள். பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

படி 1: காகிதங்கள்

வரி ஆண்டு ஏப்ரல் 6-இல் தொடங்கி அடுத்த ஏப்ரல் 5-இல் முடியும். ஆண்டுவாரியாகப் பிரித்து அடுக்குங்கள்:

- ஒவ்வொரு பென்ஷன் நிறுவனமும் மே 31-க்குள் தரும் பி60 (அந்த ஆண்டில் கொடுத்த பென்ஷனையும் பிடித்த வரியையும் காட்டும் தாள்)
- அரசு பென்ஷன் தொகையைச் சொல்லும் கடிதம் (இதற்கு பி60 வராது; பலரும் தேடி அலைவார்கள்)
- எச்எம்ஆர்சி (பிரிட்டன் வரித்துறை) அனுப்பிய வரிக் குறியீட்டுக் கடிதம், வரி கூடவோ குறையவோ போனதைச் சொல்லும் பி800 கடிதம் இருந்தால் அதுவும்
- வங்கி வட்டி விவரம், நேஷனல் இன்சூரன்ஸ் எண்

இலங்கையிலோ இந்தியாவிலோ வைப்பு வட்டி, வீட்டு வாடகை வந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பிரிட்டனில் நிரந்தரமாக வாழ்பவரின் வெளிநாட்டு வருமானமும் பொதுவாக இங்கே கணக்கில் வரும்.

படி 2: கூட்டிப் பாருங்கள்

பென்ஷன் கிரெடிட் (குறைந்த வருமானத்துக்கான உதவித்தொகை), அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் (பராமரிப்பு தேவைப்படும் முதியவர்களுக்கான உதவித்தொகை) இரண்டையும் சேர்க்க வேண்டாம், அவற்றுக்கு வரி இல்லை. மீதியைக் கூட்டி, வரியில்லா வரம்பான 12,570 பவுண்டைக் கழியுங்கள்.

ஒருவருக்கு ஆண்டுக்கு அரசு பென்ஷன் 9,600, தனியார் பென்ஷன் 4,000 என்று வைப்போம். மொத்தம் 13,600. வரம்பு போக 1,030. அதில் 20 சதவீதம், 206 பவுண்டு. இவ்வளவுதான் வரி.

படி 3: குறியீட்டைச் சரிபாருங்கள்

தனியார் பென்ஷனில் எவ்வளவுக்கு வரி இல்லை என்று அந்த நிறுவனத்துக்குச் சொல்வதுதான் வரிக் குறியீடு. மேலே சொன்னவருக்கு 12,570-இல் அரசு பென்ஷன் 9,600 போனால் 2,970. கடைசி இலக்கத்தை விட்டு, வழக்கமான வரம்பைக் குறிக்கும் எல் சேர்த்தால் 297எல் என்ற குறியீடு வர வேண்டும். அதற்குப் பதில் பிஆர் (வரம்பு எதுவும் கழிக்காத குறியீடு) என்று இருந்தால், 4,000 முழுவதற்கும் 20 சதவீதம் பிடித்து 800 பவுண்டு போயிருக்கும். 594 பவுண்டு கூடுதல்! இரண்டு மூன்று சிறு பென்ஷன்கள் உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும்.

குறியீட்டுக் கடிதத்தில் அரசு பென்ஷனாக என்ன தொகை போட்டிருக்கிறார்கள் என்றும் பாருங்கள். ஆண்டு நடுவில் பென்ஷன் தொடங்கியவருக்கு முழு ஆண்டுத் தொகையைப் போட்டுவிட்டால் வரி கூடும்.

பென்ஷன் சேமிப்பிலிருந்து மொத்தமாகப் பணம் எடுத்தவர்கள் குறியீட்டின் முடிவில் எம்1 என்று இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். ஒருமுறை எடுத்ததை மாதாமாதம் எடுப்பதாகக் கணக்கிட்டு வரியைப் பிடித்திருப்பார்கள். கூடுதலாகப் பிடித்ததைத் திரும்பக் கேட்க, ஒரு பகுதியை மட்டும் எடுத்து அந்த ஆண்டில் மேலும் எடுக்காவிட்டால் பி55 படிவம். முழுவதும் எடுத்து வேறு வருமானமும் இருந்தால் பி53இசட் படிவம்.

படி 4: கேட்காமல் விடும் சலுகை

கணவன் மனைவியில் ஒருவர் வருமானம் 12,570-க்குக் கீழும், மற்றவர் அடிப்படை விகித வரி கட்டுபவராகவும் இருந்தால், 1,260 பவுண்டு வரம்பை மாற்றிக் கொடுக்கலாம். ஆண்டுக்கு 252 பவுண்டு வரை மிச்சம். துணை இறந்திருந்தாலும் பழைய ஆண்டுகளுக்குக் கேட்கலாம். இதைத் தரகு வாங்கும் ரீஃபண்ட் கம்பெனிகளிடம் கொடுக்காதீர்கள். நேரடியாக விண்ணப்பிக்கச் செலவே இல்லை.

படி 5: பேசும்போது

ஆங்கிலம் தடுமாறினால் மகனோ மகளோ பக்கத்தில் இருக்கட்டும். எச்எம்ஆர்சியை அழைக்க நேர்ந்தால் அடையாளக் கேள்விகளை உங்களிடம்தான் கேட்பார்கள். கூட இருப்பவர் பேச நீங்கள் சம்மதம் சொல்ல வேண்டும். சிம்பிள் அசெஸ்மென்ட் கடிதம் (எச்எம்ஆர்சியே கணக்கிட்டு, நீங்கள் கட்ட வேண்டிய வரியைச் சொல்வது) வந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள், தொகையை மறுக்க 60 நாள்தான். கூடுதலாகக் கட்டியதைத் திரும்பக் கேட்க நான்கு ஆண்டு உண்டு: 2022-23 ஆண்டுக்கு 2027 ஏப்ரல் 5 கடைசி நாள்.