எல்.எஸ். 3/5ஏ நகல்: அளப்பதும் திருத்துவதும்

பிபிசி தன் வெளிப்புற ஒலிபரப்பு வேன்களுக்காக 1970களில் வடிவமைத்த எல்.எஸ். 3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரை இன்றும் பலர் வீட்டில் நகலெடுக்கிறார்கள். 30 செ.மீ. உயரம், 19 செ.மீ. அகலம், காற்றுப் புகாத 5 லிட்டர் பெட்டி, 12 மி.மீ. பிர்ச் ப்ளைவுட், கெஃப் நிறுவனத்தின் பி110 ஊஃபர் (தாழ்ந்த ஒலிக்கு), டி27 ட்வீட்டர் (உயர்ந்த ஒலிக்கு). ஒலியை இந்த இரண்டுக்கும் பிரித்துக்கொடுக்கும் கிராஸ்ஓவர் சுற்றின் வரைபடமும் கிடைக்கிறது, பெட்டியையும் நல்ல தச்சர் செய்துவிடுவார். சிக்கல் ஊஃபரில்தான். பி110-இன் கூம்பு 1 கிலோஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே கொஞ்சம் துருத்திக்கொண்டு ஒலிக்கும். அந்தத் துருத்தலை வெட்டுவதற்கென்றே கிராஸ்ஓவரில் ஒரு நாட்ச் சுற்று (ஒரு குறுகிய அதிர்வெண் பகுதியை மட்டும் குறைப்பது) இருக்கிறது. உங்கள் கையில் இருக்கும் மாற்று ஊஃபரில் துருத்தல் வேறு இடத்தில் இருந்தால், மேடும் பள்ளமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். காது அதை ‘ஏதோ சரியில்லை’ என்று மட்டுமே சொல்லும். எங்கே என்று சொல்ல மைக் வேண்டும்.

தேவையானவை: கேலிப்ரேஷன் கோப்புடன் (மைக்கின் சொந்தப் பிழையைக் கழிக்க உதவுவது) வரும் மைக் (யூமிக்-1 போதும்), ஆர்.ஈ.டபிள்யூ. என்ற இலவச ஒலி அளக்கும் மென்பொருள், இரண்டு லைன் உள்ளீடு கொண்ட ஆடியோ இன்டர்ஃபேஸ், 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று, உயரமான ஸ்டாண்ட்.

முதலில் இம்பீடன்ஸ், அதாவது ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் ஸ்பீக்கர் காட்டும் மின்தடை. மைக் இதற்குத் தேவையில்லை. ரெசிஸ்டரை ஸ்பீக்கருடன் தொடராக இணைத்து, ஆர்.ஈ.டபிள்யூ.வில் திறந்த சுற்று, குறுக்குச் சுற்று, தெரிந்த மதிப்புள்ள ரெசிஸ்டர் என்று மூன்று கேலிப்ரேஷனையும் முடித்துவிட்டு அளங்கள். பெட்டிக்குள் ஊஃபரின் ஒத்ததிர்வு 80 ஹெர்ட்ஸ் அருகே ஒரே கூர்மையான சிகரமாக வரவேண்டும். சிகரம் தட்டையாகவோ, அதற்குக் கீழே இன்னொரு சின்ன மேட்டுடனோ வந்தால் எங்கோ காற்று கசிகிறது. பெரும்பாலும் டெர்மினல் துளை, இல்லாவிட்டால் பின்பலகையின் ஓரம். இடது, வலது கோடுகளை ஒன்றின்மேல் ஒன்று வையுங்கள். இரண்டும் விலகும் இடத்தில் ஒரு கெபாசிட்டரோ காயிலோ மதிப்பு தவறியிருக்கிறது, அல்லது மாற்றிச் சாலிடர் செய்யப்பட்டிருக்கிறது. இந்தப் பிழையோடு ஈக்வலைசருக்குப் போகாதீர்கள். கசியும் பெட்டியை எந்த ஃபில்டரும் அடைக்காது.

அடுத்து மைக்கால் ஒலியை அளப்பது. வீட்டு அறையில் தரையும் கூரையும்தான் எதிரிகள். பத்தடி உயர அறையில் ஸ்பீக்கரையும் மைக்கையும் தரையிலிருந்து 1.5 மீட்டரில், ஒன்றுக்கொன்று 1 மீட்டர் தள்ளி வைத்தால் முதல் எதிரொலி 6.3 மில்லிசெகண்ட் தாமதமாக வந்து சேரும். பக்கச் சுவர்களும் சாமான்களும் இதைவிடத் தள்ளி இருக்கட்டும். இம்பல்ஸ் வரைபடத்தில் (ஒலி வந்துசேரும் நேரத்தைக் காட்டுவது) ஜன்னலை, அதாவது கணக்கில் எடுக்கும் நேரப் பகுதியை, 6 மில்லிசெகண்டில் வெட்டுங்கள். அப்போது கிடைக்கும் நுணுக்கம் சுமார் 170 ஹெர்ட்ஸ், அதனால் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே அந்தக் கோட்டை நம்பக்கூடாது. மின்விசிறிக்கு நேர் கீழே அளக்காதீர்கள்: நின்றிருந்தாலும் அதன் இறக்கை கூரையைவிடத் தாழ்வாக இருப்பதால் எதிரொலி முன்னதாகவே வந்துவிடும். மேசைமேல் வைத்து அளப்பதும் அதே தவறுதான்.

முன்துணிச் சட்டத்தை மாட்டியே அளங்கள். ட்வீட்டரைச் சுற்றி ஒட்டும் கம்பளிப் பட்டைகளும் இருக்கவேண்டும். அந்த வடிவமைப்பு இவற்றோடு சேர்த்தே சரிசெய்யப்பட்டது. கழற்றி அளந்தால் மேல் அலைவரிசையில் வேறொரு ஸ்பீக்கரைத் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

ட்வீட்டர் உயரத்தில் 0, 15, 30, 45, 60 பாகைகளில் ஐந்து அளவு எடுங்கள். ஸ்பீக்கரைத் திருப்புங்கள், மைக்கை நகர்த்தவேண்டாம். 3 கிலோஹெர்ட்ஸ் அருகே அகலமான பள்ளம் தெரிந்தால் முதலில் ட்வீட்டரின் பிளஸ், மைனஸ் இணைப்பைப் பாருங்கள். டி27-ஐக் கிராஸ்ஓவர் இல்லாமல் நேரடியாக அளப்பதென்றால் ஸ்வீப்பை (தாழ்ந்த அதிர்வெண்ணிலிருந்து மேலேறும் சோதனை ஒலி) 1 கிலோஹெர்ட்ஸிலிருந்து, குறைந்த ஒலியில் தொடங்குங்கள். முழு ஸ்வீப் அதன் காயிலை எரித்துவிடும்.

பாஸ் பகுதிக்கு, டி. பி. கீல் 1974-இல் விளக்கிய அண்மை அளவு முறைதான் வழி. ஊஃபர் கூம்பின் நடுவிலிருந்து 5 மி.மீ. தள்ளி மைக்கை வையுங்கள். இதற்கு மட்டும் முன்துணியைக் கழற்றலாம். இந்த அளவுள்ள கூம்புக்கு அது 1 கிலோஹெர்ட்ஸ் வரை செல்லும். ஆனால் அண்மை அளவுக்கு முன்பலகையின் அகலம் தெரியாது. 19 செ.மீ. பலகை 600 ஹெர்ட்ஸை மையமாகக் கொண்டு, மேலிருந்து கீழே போகப்போக மொத்தம் 6 டெசிபெல் இறக்கத்தை உண்டாக்கும். விட்யூக்ஸ்கேட் மென்பொருளில் பலகையின் அளவுகளைக் கொடுத்து அந்த இறக்கத்தைச் சேர்த்தபிறகே, 300-400 ஹெர்ட்ஸுக்குள் இந்தக் கோட்டையும் 1 மீட்டரில் அளந்த கோட்டையும் ஒட்டுங்கள். இதை மறந்தால் பாஸ் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். நீங்களும் குறைக்கத் தேவையில்லாததைக் குறைத்துவிட்டு, ‘மெலிந்து ஒலிக்கிறது’ என்று தேடிக்கொண்டிருப்பீர்கள்.

இப்போது திருத்தம். இங்கே இலக்கு நேர்கோடு அல்ல. பிபிசி ஆய்வுத் துறை 1976-இல் வெளியிட்ட வடிவமைப்பு அறிக்கையில் அசலின் வரைபடங்கள் இருக்கின்றன, அவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

கையால் செய்யக்கூடியதை முதலில் கையால் செய்யுங்கள். ட்வீட்டர் முழுவதுமாக 1-2 டெசிபெல் ஓங்கியிருந்தால், பழைய 15 ஓம் கிராஸ்ஓவரில் அதற்கென்றே ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மரில் டேப்புகள் உண்டு. ஒரு டேப் மாற்றிப் போட்டால் தீர்ந்தது. முன்னே சொன்ன மேடு-பள்ளச் சிக்கலுக்கு நாட்ச் சுற்றின் கெபாசிட்டரை மாற்றுங்கள். மதிப்பை 10 சதவீதம் கூட்டினால் நாட்ச் சுமார் 5 சதவீதம் கீழே இறங்கும். 1.3 கிலோஹெர்ட்ஸில் இருப்பதை 1.24-க்குக் கொண்டுவர இவ்வளவு போதும். பெரிய கெபாசிட்டரைத் தேடவேண்டாம், இருப்பதோடு சின்னது ஒன்றை இணையாகச் சேர்த்தாலே ஆயிற்று.

மீதிக்குத்தான் ஈக்வலைசர் ஏபிஓ (கணினி மென்பொருள்) அல்லது மினிடிஎஸ்பி (தனிக் கருவி). ஒரு மேடு ஐந்து கோணங்களிலும் அதே அதிர்வெண்ணில் நின்றால் அது கூம்பின் ஒத்ததிர்வு, வெட்டலாம். உதாரணமாக 1.2 கிலோஹெர்ட்ஸில் 2.5 டெசிபெல் மேடு என்றால் அதே இடத்தில் -2.5 டெசிபெல், கியூ 2 (வெட்டின் அகலத்தைக் குறிக்கும் எண், கூடினால் குறுகும்). நேரெதிரே மட்டும் தெரிந்து 15, 30 பாகையில் மறையும் பள்ளம் பெட்டி விளிம்பின் சிதறல். அதை நிரப்பினால் பக்கவாட்டில் அதே அளவு மேடு எழும், விட்டுவிடுங்கள். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் ஒரே ஃபில்டரைப் போடாமல் தனித்தனியாகத் திருத்தி, 300 ஹெர்ட்ஸுக்கு மேல் இரண்டும் 1 டெசிபெலுக்குள் ஒத்துப்போகும்படி செய்யுங்கள். எங்காவது ஏற்றியிருந்தால், அதே அளவுக்கு மொத்த ஒலியை முன்கூட்டியே குறைக்கவேண்டும், இல்லையென்றால் சிக்னல் உச்சியில் வெட்டுப்படும்.

பாஸை நீட்ட ஆசை வரும். வேண்டாம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே இந்தப் பெட்டி ஆக்டேவுக்கு (அதிர்வெண் பாதியாகும் ஒவ்வொரு முறையும்) 12 டெசிபெல் என்று சரிகிறது. 50 ஹெர்ட்ஸ் வரை இழுக்க அங்கே 8 டெசிபெல் ஏற்றவேண்டும், அதாவது ஆறு மடங்குக்கும் சற்று அதிகமான வாட். 25 வாட் தாங்கும் ஸ்பீக்கர், பாஸ் விழும் இடத்தில் 4 வாட்டுக்கே திணறும், அந்தச் சின்னக் கூம்பு அதற்கு முன்பே எல்லையில் முட்டும். ஆழமான பாஸ் வேண்டுமென்றால் 100 ஹெர்ட்ஸில் பிரித்துத் தனி சப்ஊஃபர் வையுங்கள்.

100 ஹெர்ட்ஸ் அருகே தெரியும் சுமார் 2 டெசிபெல் மேடு பிழையல்ல, சிறிய மூடிய பெட்டியின் இயல்பு. அதுதான் இந்தக் குட்டி ஸ்பீக்கருக்கு உடம்பு தருகிறது. ஸ்டாண்டில், சுவரைவிட்டுத் தள்ளி வைத்திருந்தால் தொடாதீர்கள். சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்கவேண்டியிருந்தால், சுவரும் சேர்ந்து ஏற்றுவதால் 100 ஹெர்ட்ஸில் -3 டெசிபெல், கியூ 1.2 என்று தொடங்குங்கள்.

முடிந்ததும் மறுபடி அளந்து, ஃபில்டர் போட்ட கோடு கணித்ததோடு பொருந்துகிறதா என்று பாருங்கள். பிறகு எதிரொலி குறைந்த இடத்தில் பதிவான ஆண் குரல் ஒன்றை மோனோவில் போடுங்கள். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரே புள்ளியில் நிற்கவேண்டும், ‘ஸ’, ‘ஷ’ ஒலிகளில் அகன்று பரவினால் ட்வீட்டர்கள் இன்னும் சமமாகவில்லை. நெஞ்சுக்குரல் தடித்துக் கேட்டால், அலமாரிக்காகப் போட்ட 100 ஹெர்ட்ஸ் ஃபில்டரை இன்னும் 1 டெசிபெல் இறக்குங்கள்.