ஒரு மூத்த நடிகரின் அரங்க வாழ்வை எழுதுவது எப்படி: மட்டக்களப்பிலிருந்து சில வழிமுறைகள்

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஐம்பது அறுபது ஆண்டுகள் கூத்தாடி, இடையில் பாடசாலை மேடையிலும் வானொலியிலும், வாய்ப்புக் கிடைத்த சிலர் திரைப்படத்திலும் நடித்து, இப்போது விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் அமர்ந்திருக்கும் மூத்தோர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி அச்சில் கிடைப்பது பெரும்பாலும் விழா மலர் ஒன்றின் அரைப்பக்கக் குறிப்புத்தான்: பிறந்த ஊர், ஆடிய கூத்துகள் நான்கைந்து, பெற்ற விருது, ஒரு படம். அந்த அரைப்பக்கத்தை ஒரு முழுமையான வாழ்க்கைப் பதிவாக விரித்து எழுத விரும்புகிறவர்களுக்காக, நான் செய்து பார்த்தும் தவறியும் கற்றுக்கொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிட வேண்டும். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் எனக்குப் பெரியப்பா முறையான ஒருவரிடம் முதன்முதலாகப் போனபோது, ஆண்டு, கூத்தின் பெயர், இடம் என்று கோடு போட்ட தாள் ஒன்றைக் கொண்டுபோனேன். “எந்த ஆண்டு முதல் அரங்கேற்றம் பெரியப்பா?” என்று கேட்டேன். “ஆண்டெல்லாம் ஆருக்கு மனே நினைவு” என்றவர், அதற்குப் பிறகு ஒற்றைச் சொல்லிலேயே விடை சொன்னார். இரண்டாம் முறை மத்தளம் அடிக்கும் தம்பி ஒருவனை உடன் அழைத்துப் போனேன். மத்தளம் கூடக் கொண்டுபோகவில்லை. அவன் கதிரைக் கையில் விரலால் மெல்லத் தட்டினான். பெரியப்பா கண்ணை மூடிக்கொண்டு “ததிங்கிணதோம்” என்று தீர்த்தார். தன் பாத்திரம் அரங்குக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டை எடுத்தார். அது முடிந்ததும், எதிரே நின்று ஆடியவர் யார், அது யாருடைய வளவு, விடியச்சாமத்தில் மழை தூறியபோது கூட்டம் கலையாமல் இருந்தது என எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நடிகரின் நினைவு ஆண்டு வரிசையில் அடுக்கப்பட்டதன்று. அது வேடத்தின் வரிசையிலும் தாளத்தின் வரிசையிலும் அடுக்கப்பட்டது. இந்தப் பதிவுக்கான வேலை முழுவதையும் அந்த வரிசையிலேயே செய்ய வேண்டும்.

ஆகவே போகும்போது வெற்றிலை பாக்கோடு போங்கள். அவரோடு ஒரே களரியில், அதாவது கூத்தாடும் வட்ட அரங்கில், ஆடியவரையோ, அவரிடம் பழகிய இளையவரையோ உடன் அழைத்துச் செல்லுங்கள். வெயில் தாழ்ந்த பின்னேரம் நல்ல நேரம். ஒரே அமர்வில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். பாடிக் காட்டுகிறவருக்கு மூச்சு வாங்கும் என்பதை மறக்கக் கூடாது. கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்யப் போவதை முன்கூட்டியே சொல்லி, வீட்டாரின் இசைவையும் பெற்றுக்கொள்ளுங்கள்.

கேள்விகளை ஒரு கூத்து களரிக்கு வரும் முறையைப் பின்பற்றியே அமைத்துக்கொண்டால் பேச்சு தடைப்படாது. இந்தக் கூத்துக்கு அண்ணாவியார் (பழக்கி ஆட்டுவிக்கும் ஆசிரியர்) யார், ஊரில் எவர் முன்னின்று அவரை அழைத்தார், சட்டம் கொடுத்த (பாத்திரங்களைப் பங்கிட்ட) நாளில் உங்களுக்கு எந்தப் பாத்திரம் வந்தது, நீங்கள் விரும்பிய பாத்திரம் அதுதானா என்று தொடங்குங்கள். கடைசிக் கேள்வி முக்கியமானது. குரலும் உடல்வாகும் மட்டுமன்றி, குடும்பத்தின் நிலையும் ஊர் வழமையும் பாத்திரப் பங்கீட்டில் இடம்பெற்ற காலம் அது என்பதால், ஒருவர் வாழ்நாள் முழுவதும் மனத்தில் வைத்திருக்கும் வருத்தம் அந்த இரவிலிருந்தே தொடங்கியிருக்கக் கூடும். பிறகு பழக்கம், சதங்கை அணிதல், கிழமைதோறும் ஆடிப் பழகும் கிழமைக்கூத்து, முழுக்கூத்தையும் ஆடிப் பார்க்கும் அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம், அரங்கேற்றத்துக்குப் பின் வீடு வீடாக ஆடியது என்று வரிசையாகப் போகலாம். கூத்தின் இரு மரபுகளில் வடமோடியா தென்மோடியா என்பதை ஒவ்வொரு கூத்துக்கும் தனித்தனியே கேட்டுக் குறியுங்கள். இரண்டிலும் ஆடியவர் என்றால் அது தனிப்பகுதியாகவே எழுதப்பட வேண்டியது. போரில் முடியும் வடமோடிக் கதைக்குப் பழகிய கால், தென்மோடியின் நுணுக்கமான ஆட்டத்துக்கு எப்படி மாறியது என்பதை அவரைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

ஆண்டுகளைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை, அவருடையதன்று. அதற்கு ஊர் அறிந்த நிகழ்வுகளை முளைக்குச்சிகளாக அடித்துக்கொள்ளுங்கள்: 1957 ஆம் ஆண்டு டிசம்பர் வெள்ளம், 1978 நவம்பர் 23 ஆம் நாள் சூறாவளி, 1990 ஜூனில் மீண்டும் மூண்ட போர், 2004 டிசம்பர் 26 ஆம் நாள் கடல்கோள். என் பெரியப்பா தாம் அருச்சுனனாக ஆடியதை “சூறாவளிக்கு முந்தின வேளாண்மை வெட்டு முடிஞ்ச கையோட” என்றார். சூறாவளி கார்த்திகையில் வந்தது. அதற்கு முந்திய மாரி வேளாண்மை வெட்டு அதே ஆண்டின் மாசி, பங்குனியில் முடிந்திருக்கும். எனவே அந்த அரங்கேற்றம் 1978 இன் முற்பகுதி. மாதத்தைக் கோயில்கள் சொல்லும். மாமாங்கேஸ்வரர் கோயிலிலும் திருக்கோவிலிலும் ஆடி அமாவாசைத் தீர்த்தம், கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கு, பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலில் புரட்டாசித் தீமிதிப்பு என்று, எதற்கு முன், எதற்குப் பின் என்று கேட்டாலே போதும். பழைய அழைப்பிதழோ நோட்டீசோ கிடைத்தால் அதில் உள்ள மாவட்டப் பெயரையும் பாருங்கள். அம்பாறை தனி மாவட்டமானது 1961 இல் என்பதால், அக்கரைப்பற்றோ திருக்கோவிலோ ‘மட்டக்களப்பு மாவட்டம்’ என்று அச்சாகியிருந்தால் தாள் பெரும்பாலும் அதற்கு முந்தியது. உடுப்புப் பெட்டியைத் தோணியில் ஏற்றிப் போனார்களா, பாதையில் (வாவியைக் கடக்கும் மிதவையில்) ஏற்றினார்களா, பாலம் வந்த பிறகு லொறியில் கொண்டுபோனார்களா என்பதும் காலத்தைச் சொல்லும் சான்றுதான்.

அவரிடம் கூத்துப் பாட்டு எழுதிய கொப்பி இருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள். இரண்டாம் நாள் கேட்பதே நல்லது, முதல் நாள் கேட்டால் தயங்குவார்கள். நான் பார்த்த கொப்பி பழைய பாடசாலைப் பயிற்சிப் புத்தகம். மட்டை போய், நூலால் தைத்து, மேலே கலண்டர்த் தாளால் உறை போட்டிருந்தது. பாட்டு நீல மையிலும் தாளக்கட்டு சிவப்பு மையிலும் இருந்தன. ஓரத்தில் சிறு எழுத்தில் “இதில் மூச்சு விடு” என்று தமக்குத் தாமே எழுதிவைத்திருந்தார். அப்படிப்பட்ட ஓரக்குறிப்புகளுக்காகவே எழுதாத பக்கத்தையும் விடாமல் ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடிக்க வேண்டும். கொப்பியை வீட்டுக்குக் கொண்டுபோகக் கேட்காதீர்கள். அவர் முன்னாலேயே பாயில் வைத்துப் படம் எடுத்துத் திருப்பிக் கொடுங்கள். ‘பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்று வாங்கிச் சென்றவர்களிடமிருந்து திரும்பி வராத கொப்பிகளின் கதை இங்கு ஊருக்கு ஒன்று இருக்கிறது.

உடுப்பைப் பற்றியும் விரிவாகக் கேளுங்கள். வடமோடி அரசனின் கரப்புடுப்பை (கூடைபோல் விரிந்து நிற்கும் பாரமான உடுப்பை) கட்டிக்கொண்டு விடிய விடிய ஆடியவரின் இடுப்பும் தோளும் எழுபது வயதில் அந்தப் பாரத்தின் கணக்கைச் சொல்லும். எந்த இடத்தில் உரசியது, எதை வைத்துக் கட்டினார்கள், தாகம் எடுத்தால் என்ன செய்தார்கள் என்று கேட்டால், நடிப்பைப் பற்றி நேரே கேட்டு வராத விடைகள் இதில் வரும்.

பெண் வேடம் ஆடியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். மரபுக் களரியில் சுபத்திரையும் திரௌபதையும் ஆண்களே. அரசனாக ஆடியவருக்குக் கிடைத்த இடம் மலர்களிலும் மேடைகளிலும் இவர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒரு விழா மலரில், பதினைந்து ஆண்டுகள் பெண் வேடமே ஆடிய ஒருவரின் குறிப்பில் அந்த வேடங்கள் ஒன்றுகூட இல்லாமல், கடைசிக் காலத்தில் அவர் இரண்டு முறை ஏற்ற மந்திரி வேடம் மட்டும் இருந்ததை நானே பார்த்தேன். கேட்டபோது, “அதெல்லாம் எழுத வேணுமா எண்டு கேட்டாங்க, நானும் பேசாம இருந்திட்டன்” என்றார். எழுத வேண்டும். கையைத் தாழ்த்திப் பிடித்தது எப்படி, தண்ணீர்க் குடத்தோடு பெண்கள் நடப்பதைப் பார்த்துப் பழகியது எங்கே, திருமணத்துக்குப் பின்னும் ஆடினாரா, மனைவி என்ன சொன்னார் என்பதையெல்லாம் மரியாதையோடு கேட்டு எழுத வேண்டும்.

வட்டக்களரியிலிருந்து, ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்கு வந்தவர் என்றால் அந்த மாற்றத்தில் நிதானமாக நில்லுங்கள். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மேடைக்கு உரியதாக்கியதும், அப்படி உருவான இராவணேசன் கூத்தில் மட்டக்களப்பு அமிர்தகழி தந்த மௌனகுரு இராவணனாக ஆடியதும் பலரும் அறிந்தவை. அதன் அலை ஊர்ப் பாடசாலை மேடைகள் வரை வந்து சேர்ந்தபோது, நாலு பக்கமும் ஆட்கள் இருக்க ஆடியவருக்கு ஒரு பக்கம் மட்டும் பார்த்து ஆடுவது எப்படி இருந்தது, இரண்டு மணி நேரம் எடுத்துப் பாடிய போர்த்தருக்கம் (போருக்கு முந்திய வாதப்பாட்டு) பத்து நிமிடத்தில் முடிந்தபோது எது போயிற்று, எது கிடைத்தது என்று கேளுங்கள். சிலர் கோபமாகப் பதில் சொல்வார்கள், சிலர் மகிழ்ச்சியோடு. இரண்டையும் அப்படியே பதியுங்கள்.

வானொலி, திரைப்படம் ஆகியவற்றுக்கு வேறு வகைச் சரிபார்ப்பு தேவை. இங்கே எழுத்துச் சான்று கிடைக்க வாய்ப்பு அதிகம். வானொலி அனுப்பிய ஒப்பந்தக் கடிதம் இருந்தால் தலைப்பைப் பாருங்கள். இலங்கை வானொலி நிலையம் கூட்டுத்தாபனமானது 1967 இல். இலங்கைத் தமிழ்த் திரைப்படத்தின் தொடக்கம் 16 மில்லிமீற்றரில் வந்த சமுதாயம் (1962), 35 மில்லிமீற்றரில் வந்த தோட்டக்காரி (1963) என்பதால், அதற்கு முன் ‘படத்தில் நடித்தேன்’ என்று ஒருவர் சொன்னால் அது சிங்களப் படமா, இந்தியப் படமா என்று பொறுமையாகக் கேட்டுத் தெளிய வேண்டும். ரூபவாகினி தொலைக்காட்சி 1982 இல் தொடங்கியது. படத்தின் பெயரட்டையில் அவர் பெயர் எப்படி எழுதப்பட்டது, குரல் அவருடையதா பிறருடையதா என்பவற்றையும் குறியுங்கள். வீரகேசரி, தினகரன் பழைய இதழ்களைக் கொழும்புத் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் பார்க்கலாம். நூலகம் இணையத்தளத்தில் ஈழத்து மலர்களும் சஞ்சிகைகளும் நிறைய உள்ளன, வீட்டிலிருந்தே தேடலாம்.

போர்க்கால ஆண்டுகளைக் கேட்கும்போது அவசரம் கூடாது. ஊரடங்கில் இரவுக் கூத்து நின்றது, இடம்பெயர்ந்தபோது உடுப்பும் மத்தளமும் வீட்டோடு போயின, கூட ஆடியவர்கள் இல்லாமற் போனார்கள் என்று அவரே சொல்லத் தொடங்கினால் கேட்டுக்கொண்டிருங்கள். அவர் நிறுத்தும் இடத்தில் நீங்களும் நிறுத்துங்கள். எழுதும்போது அந்த இடைவெளியை வேறு செய்திகளால் நிரப்பாமல், இத்தனை ஆண்டுகள் அவர் ஆடவில்லை என்று ஒரு வரியில் நேராகச் சொல்லிவிடலாம்.

ஒலிப்பதிவுகளை அன்றிரவே இரண்டு இடங்களில் சேமித்து, கோப்பின் பெயரில் நாளையும் ஊரையும் எழுதுங்கள். நான் ஒருமுறை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, தொலைபேசி பழுதாகி, ஒரு முழு வரவுப் பாட்டை இழந்தேன். அதைப் பாடியவர் இன்றில்லை.

எழுத உட்கார்ந்ததும் முதலில் வேட அட்டவணை ஒன்றைத் தயாரியுங்கள்: பாத்திரம், கூத்து, மோடி, அண்ணாவியார், களரி, எதிர்ப்பாத்திரம் ஆடியவர், உறுதியான அல்லது உத்தேசமான ஆண்டு. உத்தேசம் என்றால் உத்தேசம் என்றே போடுங்கள். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இருவர் சொன்னதையும் எழுதுங்கள். ஒருவர் முன்னிலையில் மற்றவரைத் திருத்தப் போகாதீர்கள். கதையைப் பிறப்பிலிருந்து தொடங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவர் முதலில் பாடிக்காட்டிய பாட்டிலிருந்து தொடங்கினால் வாசகருக்கு ஆளே முன்னால் வந்து நிற்பார். அவருடைய பேச்சை நூல் தமிழுக்கு மாற்ற வேண்டாம். ‘மறுகா’ (பிறகு), ‘ஒண்ணா’ (முடியாது) என்று அவர் சொன்னதை அவர் வாயில் வைத்தே எழுதுங்கள், விளக்கத்தை உங்கள் நடையில் தனியே தரலாம். ‘ஒப்பற்ற’, ‘ஈடிணையற்ற’ போன்ற சொற்கள் வரும் இடத்திலெல்லாம் நிறுத்தி, அவர் அன்று செய்தது என்ன என்று கேட்டு, அந்தச் செயலை எழுதுங்கள்.

அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் முழுப் பிரதியையும் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள், அதுவும் அவசரமின்றி. நான் வாசித்தபோது பெரியப்பா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசிப் போரில் அவர் ‘வீரம் ததும்பக் களரி அதிர மிதித்தார்’ என்று எழுதியிருந்தேன். கையை உயர்த்தி நிறுத்தினார். “அது வீரமில்ல மனே. அண்டைக்கு இடக்கால் சதங்கை அறுந்து போச்சு. சத்தம் குறைஞ்சிரும் எண்டுதான் காலை ஊண்டி மிதிச்சன்.” அந்த வரியை வெட்டிவிட்டு அவர் சொன்னதை அங்கேயே எழுதினேன். எழுதி முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ம், மறுகா வாசி” என்றார்.